பலூனில் பறந்த ஹீலியம்

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் அப்பாதுரை அவர்களே, கீழ்க்கட்டளையிலிருந்து வந்திருக்கும் காந்திமதி அம்மையாரின் குடும்பத்தாரே, தாம்பரத்து நண்பர்களே, ஆய்வுக்கூடத் தோழர்களே! குளிரூட்டும் பிரிவின் பொறுப்பாளன் தயாளன் பேசுகிறேன். இந்த இரங்கல் கூட்டத்தில் அழுவதற்காக நான் எழுந்து வரவில்லை. வயிறு எரிகிறது, அதனால் வந்தேன்.

முனைவர் காந்திமதி யார்? கனமான அணுக்களை மின்னேற்றி நேர்கோட்டில் விரட்டும் மீகடத்தி முடுக்கியை இந்த மண்ணிலேயே வடிவமைத்தவர்! அதன் உயிர் நையோபியம் என்ற உலோகத்தில் செய்த குடுவை. அதைத் திரவ ஹீலியத்தால் குளிரவைத்தால்தான் மின்சாரம் தடையின்றி ஓடும். குளிர்ந்தால் உலோகம் சுருங்கும், சுருங்கினால் அதன் அதிர்வெண் மாறும். எவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வெட்டச் சொன்னவர் அவர். மயிரிழை பிசகினாலும் திரும்பச் செய்யவேண்டும். "மேடம் வந்துகினு கீறாங்க!" என்றால் பட்டறையில் டீ கிளாஸ் தானாகக் கீழே இறங்கும்.

குடுவை தயாரானது. சோதனைக்குத் திரவமாக்கவென்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த ஹீலியம் வாயுவும் தயாராக இருந்தது. அதை எதற்குத் திறந்தார்கள் தெரியுமா? பலூனுக்கு! வெள்ளிவிழாவுக்கு வந்த அமைச்சரின் தலைக்கு மேல் பறக்கவிட!

"நான் இன்னா மேடம் பண்றது? மேலேர்ந்து சொன்னாங்க, தொறந்து வுட்டேன்" என்று ஸ்டோர் கீப்பர் மாரி கையைப் பிசைந்தார். காந்திமதி நேரே உங்களிடம்தான் வந்தார், இயக்குநர் அவர்களே. நீங்கள் என்ன சொன்னீர்கள்? "வெறும் கேஸ்தானேம்மா, இதுக்குப் போய் இவ்வளவு டென்ஷனா? அடுத்த பட்ஜெட்ல வாங்கிக்கலாம்."

அடுத்த பட்ஜெட் வந்தது. ஹீலியம் வந்ததா? அதற்கடுத்த பட்ஜெட்டும் வந்தது. ஹீலியம் வந்ததா? குழுதான் வந்தது! 'இது சோதிக்கப்படாத வடிவமைப்பு, வெளிநாட்டிலிருந்தே வாங்கிவிடலாம்' என்று அந்தக் குழு சொன்னது. சோதிக்க விடாதவர்கள் யார்? சோறு போடாமல் பட்டினி போட்டுவிட்டு, பிள்ளை இளைத்திருக்கிறது என்று குறை சொல்வதா?

முந்தாநாள் சுடுகாட்டில் அவர் கணவர் பொன்னுசாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரிலயும் அந்தக் குடுவையப் பத்தியேதான் சொல்லிகினு இருந்தா சார். அவ பண்ணது வேலை செய்யுமா, செய்யாதா?"

எனக்குத் தெரியாது, ஐயா! அவரும் தெரியாமலே போய்விட்டார். இதைவிடப் பெரிய பாவம் உண்டா?

கருத்தரங்கக் கூடத்துக்கு அவர் பெயரைச் சூட்டப்போவதாகச் சற்றுமுன் அறிவித்தீர்கள். பெயர்ப்பலகை யாருக்கு வேண்டும்? நீங்கள் வெளிநாட்டிலிருந்து வாங்கப்போகும் குடுவைக்கு மட்டும் சென்ற வாரமே ஹீலியம் வந்து இறங்கிவிட்டது. அந்த ஆர்டரில் இன்னும் கையெழுத்துகூட ஆகவில்லை. என் பிரிவின் சார்பில் சொல்கிறேன், நாளைக் காலையில் அந்த ஹீலியத்தைக் கொண்டே காந்திமதியின் குடுவையை நாங்கள் குளிரவைப்போம். வேலை செய்தால் ஊரறியச் சொல்வோம். செய்யாவிட்டால் ஏன் என்று கண்டுபிடித்துத் திருத்துவோம். அவர் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார்.

இப்போது எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தவேண்டுமாம். செலுத்துவோம். அதற்கு முன்னால், இயக்குநர் அவர்களே, சோதனைக்கூடத்தைப் பூட்டி வைத்திருக்கிறீர்களே, அந்தச் சாவியை இத்தனை பேர் முன்னிலையில் என் கையில் கொடுங்கள். கொடுத்த பிறகு எழுந்து நிற்கிறோம்.