எடுத்து வை, திருப்பி வை

டீயில் சர்க்கரை போடாமல் கொண்டுவந்திருக்கிறீர்கள். போன தடவை பேச்சுவாக்கில் சொன்னதை இவ்வளவு நாள் ஞாபகம் வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே உங்களுக்குப் பதவி உயர்வு கொடுக்கலாம். ஞாபகசக்தி உள்ளவர்களைக் கண்டால் எனக்குத் தனிப் பிரியம். நானும் அந்த ரகம்தான்.

இந்தத் தடவை நீங்கள் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். உங்கள் விசாரணை அறிக்கையைச் சாப்பாட்டு மேஜைமேல் வைத்துவிட்டு மருமகள் குளிக்கப் போயிருந்தாள். கண்ணில் பட்டது, படித்தேன். அதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இந்த வெயிலில் குடையோடு கிளம்பினேன்.

நான் வேலை பார்த்த லிஃப்ட் கம்பெனியில் மோட்டாரை ஓட்டும் நிரல், அதாவது புரோகிராம், என்னுடையது. அசெம்பிளி மொழியில் எழுதியது. அது எழுத்து என்றுகூடச் சொல்ல முடியாது, கணினியின் காதோடு குசுகுசுப்பது மாதிரி. என் நிரல் ஓட்டினால் சரக்கு லிஃப்டில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து உச்சி மாடிக்கு அனுப்பலாம், ஒரு சொட்டு சிந்தாது. உள்ளே தூங்குகிறவன் மாடி மாடியாகப் போய் வந்துவிட்டு, 'லிஃப்ட் எப்போது கிளம்பும்?' என்று கேட்பான். கொஞ்சம் மிகைதான். ஆனால் கொஞ்சம்தான்.

நான் ஓய்வு பெற்றதும் என் நாற்காலிக்கு மருமகளே வந்தாள். கெட்டிக்காரி, அதில் எனக்கு இரண்டாம் பேச்சே இல்லை. கதவு, மாடி, பொத்தான் எல்லாவற்றையும் சி மொழியில் எழுதினாள். அது கண்ணால் படித்தாலே புரிகிற மொழி. மோட்டார் மட்டும் என் பக்கத்திலேயே இருந்தது. இரண்டு பக்கத்தையும் இணைக்க லிங்கர் என்று ஒரு மென்பொருள் உண்டு. கல்யாணத் தரகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயர் பொருந்துகிறதா, விலாசம் சரியா என்று பார்ப்பார். குணம் பார்க்க மாட்டார்.

குணம் என்று நான் சொல்வது இதைத்தான். கணினிக்குள் ரெஜிஸ்டர் என்று சில சின்ன இடங்கள் உண்டு. சமையல் மேடையில் இருக்கும் கிண்ணங்கள் மாதிரி, ரொம்பக் கொஞ்சம்தான் இருக்கும். அவள் நிரல் என் நிரலைக் கூப்பிடும்போது, தனக்கு வேண்டியதைச் சில கிண்ணங்களில் போட்டு வைத்திருக்கும். அதே கிண்ணம் எனக்கும் வேண்டுமென்றால், உள்ளே இருப்பதை முதலில் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் இருந்தபடியே திருப்பி வைத்துவிட்டு வர வேண்டும். எடுத்து வைக்க ஒரு வரி, திருப்பி வைக்க ஒரு வரி. என் வேலைக்காலம் முழுக்க அந்த இரண்டு வரிகளையும் நான் விட்டதே இல்லை.

ஒருநாள் சாப்பிடும்போது மருமகள் சொன்னாள்.

"மாமா, புது கன்ட்ரோல் போர்டுக்கு ஏத்த மாதிரி உங்க மோட்டார் புரோகிராமை ஒரு தடவை மாத்திக் குடுத்துடுங்க. இதுக்கப்புறம் உங்களுக்குத் தொந்தரவே இருக்காது."

"ஏன், அதுக்கப்புறம் நான் இருக்க மாட்டேனா?"

"ஐயோ, அப்படி இல்ல மாமா. அடுத்த வெர்ஷன்ல எல்லாத்தையும் சி-லயே எழுதிடப் போறோம். இதை இப்ப யாரு படிக்கிறாங்க சொல்லுங்க."

"அப்பா கையெழுத்தையே யாராலயும் படிக்க முடியாது, இதுல அசெம்பிளி வேறயா" என்றான் மகன்.

மூன்று பேரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். பிறகு என் அறைக்குப் போய் அந்த இரண்டு வரிகளையும் நிரலிலிருந்து எடுத்துவிட்டேன்.

பெரிதாக ஒன்றும் நினைக்கவில்லை. லிஃப்ட் எப்போதாவது முரண்டு பிடிக்கும், என்னைக் கூப்பிடுவார்கள், போய்ப் பார்ப்பேன். அவ்வளவுதான். மருமகள் சோதனைக்காகத் தயாரித்த பதிப்பில் தவறு தெரியாது. அதில் கதவின் நிலை வேறு இடத்தில் பத்திரமாக இருக்கும். வேகத்துக்காகத் தயாரித்து வெளியே அனுப்பும் பதிப்பில்தான் அது கிண்ணத்துக்கு வரும், என் நிரல் அதன்மேல் வேறு எதையாவது கொட்டிவிடும். அதுவும் எனக்குத் தெரியும். சோதனையில் எல்லாம் சுத்தம் என்று அவள் கேக் வெட்டினாள். எனக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தாள்.

நினைத்தபடியே நடந்தது. ஒரு கிடங்கில் லிஃப்ட் நடுவழியில் கதவைத் திறந்துகொண்டு நின்றது. கம்பெனி கார் என் வீட்டு வாசலுக்கு வந்தது. நான் போய் மோவாயைத் தடவினேன், ஒரு பொத்தானை அழுத்தினேன், சரியாகிவிட்டது. நின்றவர்கள் கைதட்டினார்கள். முதலாளியே வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அன்று எனக்கு இருபது வயது குறைந்தது, கண்ணாடி பார்த்தால் முடிகூடக் கறுத்திருக்கும்.

இனி ஸ்பேனர் விஷயம். எங்கள் மெக்கானிக்கை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அதற்குப் பிறகு ஒருநாள் மத்தியானம், அந்தக் கிடங்கிலிருந்து எனக்கு போன் செய்தான்.

"பெரியவரே, சாப்ட்டாச்சா? இங்க மறுபடி அதே ரகளை. கதவுப் பூட்டைக் கழட்டிட்டு நடுவுல நின்னு சென்ஸரைத் துடைக்கப் போறேன். கிளம்பிடாதுல்ல?"

பூட்டைக் கழற்றிவிட்டால் லிஃப்டை நிறுத்தி வைப்பது நிரல் ஒன்றுதான். கதவு திறந்திருக்கிறது என்ற அந்த ஒரு சேதியை நம்பித்தான் அது நிறுத்தி வைக்கும். 'நிற்காதே' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பான். அவன் எதையும் ஏன் என்று கேட்காமல் விட்டதில்லை.

"தாராளமா நில்லுப்பா" என்றேன். "புரோகிராம் பாத்துக்கும்."

"நீங்க சொன்னாச் சரி. சாயங்காலம் டீ உங்க செலவு" என்று வைத்துவிட்டான்.

லிஃப்ட் மேலே போனது. மீதி உங்கள் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது. துக்கம் கேட்க அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் எதையும் தொடுவார்" என்றாள். உண்மைதான்.

மருமகள் என் நிரலைத் திறந்து பார்த்தாள். பழைய பதிப்பைப் பக்கத்தில் வைத்துத்தான் பார்த்தாள், நான் பின்னால் நின்றிருந்தேன். வெகுநேரம் பார்த்தாள். திரும்பி என்னையும் பார்த்தாள். பிறகு உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்: "மாமாவுக்கு வயசாயிடுச்சு. மறந்துட்டார். நான்தான் சரிபார்த்திருக்கணும்." நீங்களும் அதை அப்படியே எழுதிக்கொண்டீர்கள். வயோதிக மறதி என்று. வேலையிலிருந்து அவளை நிறுத்திவிட்டார்கள். வழக்கும் அவள் பெயரில்தான் வரும் போலிருக்கிறது. பாவம், எனக்கும் வருத்தம்தான். ஆனால் சரிபார்த்திருக்க வேண்டியது அவள் என்பதில் தப்பில்லையே.

நான் வந்தது வேறு விஷயத்துக்காக. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மறதி ஒரு வரியைத்தான் விடும். ஒரு வரி மட்டும் போயிருந்தால் எடுத்ததும் வைத்ததும் கணக்குத் தவறி லிஃப்ட் முதல் நாளே நகர்ந்திருக்காது, எல்லாம் அப்போதே வெளிப்பட்டிருக்கும். சத்தமில்லாமல் ஓட வேண்டுமென்றால் இரண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். எடுத்து வைக்கும் வரியையும் எடுத்தேன், திருப்பி வைக்கும் வரியையும் எடுத்தேன். அவன் போன் செய்தபோது கதவின் நிலை எந்தக் கிண்ணத்தில் இருக்கிறது என்பதுகூட எனக்கு ஞாபகம் இருந்தது.

இப்போது பேனாவை எடுங்கள். மற்றதை எல்லாம் உங்கள் இஷ்டப்படி எழுதிக்கொள்ளுங்கள். மறந்துவிட்டேன் என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். வெளியே தெரிந்தால் எனக்கு அசிங்கம்.