வேகாத பருப்பும் விருந்தாளிக் குடமும்

கோயம்புத்தூரில் பிறந்து, சிறுவாணித் தண்ணீரில் வளர்ந்து, இங்கே குடிவந்த நாளிலிருந்து அதைத் தானும் மறக்காமல் நம்மையும் மறக்கவிடாமல் காத்துவரும் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் மருதாசலம் அவர்களே, மேடைக்கு அழகு சேர்க்கும் சங்கப் பொறுப்பாளர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே, ஷிப்ட் முடிந்து வந்தவர்களே, ஷிப்டுக்குப் போக வேண்டியவர்களே, இரண்டுக்கும் நடுவே கண்ணயர்ந்திருப்பவர்களே, அடுப்பில் பருப்பை ஏற்றிவிட்டு, அது இப்போதைக்கு வேகாது என்ற உறுதியான நம்பிக்கையோடு இங்கே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பக்கத்து வடக்குத்துக் கிராமத்திலிருந்து வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, உங்கள் அனைவரையும் பணிந்து வணங்குகிறேன்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘நமது குடிநீர்’. ‘நமது’ என்பதில் ஐயமில்லை. ‘நீர்’ என்பதிலும் பெரிய ஐயமில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

தண்ணீரைத் தேடி மண்ணைத் தோண்டும் ஊர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். மண்ணைத் தோண்டுவதற்காகத் தண்ணீரை விரட்டும் ஊர் எது? நம் நெய்வேலி. நிலக்கரிக்குக் கீழே நீர் முட்டிக்கொண்டு நிற்கிறது. பம்புகள் பகலும் இரவும் இறைக்காவிட்டால் சுரங்கத்தில் தெப்பம் விடலாம். அவ்வளவு நீரும் வேண்டாத நீர். வேண்டிய நீர் நம் குடியிருப்பு வட்டத்துக்கு எங்கிருந்து வருகிறது? மூலையில் இருக்கும் ஒரு பழைய ஆழ்குழாய்க் கிணற்றிலிருந்து நேரம் பார்த்து வருகிறது, நேரம் பார்த்து நிற்கிறது. பக்கத்து வட்டத்துக்கு வேறு கிணறு. அங்கே துவைத்தால் சோப்பு நுரைக்கிறது. இங்கே துவைத்தால் துவைப்பவருக்கு நுரை தள்ளுகிறது.

ஆனாலும் நம் தண்ணீரிடம் ஒரு நேர்மை உண்டு. போன இடமெல்லாம் தன் பெயரை எழுதிவிட்டுத்தான் போகும். வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளைப் பாறை. குழாயின் வாயில் சுண்ணாம்பு. வெள்ளை வேட்டியில் வெளிறிய மஞ்சள்.

“முடி கொட்டுதே, அதையும் சொல்லுங்க” என்கிறார் பின்னால் ஒரு நண்பர். தலைக்கவசத்தைக் கழற்றிக் காட்ட வேண்டாம், நம்புகிறேன். அமருங்கள்.

இப்போது இசக்கிமுத்துவுக்கு வருகிறேன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரத்தில் ஹெல்ப்பர். அடுத்து ஆப்பரேட்டராக வேண்டியவர்கள் வரிசையில் முதலாவதாக நின்றவர். நின்றவர் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. காரணம், துவரம்பருப்பு.

அவர் மனைவி பொன்னம்மாள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டுகிறார். உலை கொதிக்கிறது. பருப்பு கொதிக்கிறது. கொதித்துக்கொண்டே இருக்கிறது. ஆனால் குழையவில்லை. வாசலில் ஷிப்ட் பஸ் வந்து ஹாரன் அடித்துவிட்டுப் போய்விடுகிறது. இசக்கிமுத்து டிபன் கேரியரோடு சைக்கிளில் அதைத் துரத்துகிறார். “பருப்பு இல்லாமல் போனால் என்ன?” என்று கேட்கிறார் ஒருவர். அதைத் திருநெல்வேலிக்காரரிடம் நேரில் கேளுங்கள், நான் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்கிறேன்.

தாமதத்துக்கு மேலதிகாரி விளக்கம் கேட்டார். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம். சைக்கிள் பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம். சித்தப்பா இறந்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம், நம்மில் பலருடைய சித்தப்பாக்கள் பலமுறை இறந்திருக்கிறார்கள். இவர் என்ன எழுதினார் தெரியுமா? ‘எங்கள் வட்டத்துத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை.’

அதிகாரி நியாயமானவர். இப்படி ஒரு பொய்யை யாரும் சொல்லிக் கேட்டதில்லையே, ஒருவேளை உண்மையாக இருக்குமோ என்று அவருக்கே சந்தேகம் வந்தது. தண்ணீரைச் சோதிக்க ஆள் அனுப்பினார். வந்தவர் வைத்திலிங்கம், தண்ணீர் பரிசோதகர், பரம சாது.

அவர் வந்தபோது இசக்கிமுத்து சுரங்கத்தில். குழாயில் காற்று. வீட்டுக்காரர் இல்லாத வீட்டில் அடுப்படிவரை போவது முறையல்ல என்று வைத்திலிங்கம் கூடத்து நாற்காலியிலேயே அமர்ந்தார். பாட்டிலை நீட்டினார். “அம்மா, இதில் தண்ணீர் பிடித்து வாருங்கள்” என்றார். பொன்னம்மாள் பாட்டிலைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவினார். தண்ணீர் நிரப்பினார். பிறகு முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தார்.

எந்தத் தண்ணீர்?

நம் வட்டத்தில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. வீட்டுக்கு ஒரு விருந்தாளிக் குடம். வடக்குத்துச் செங்கமலம் பால் கொண்டுவரும்போது, தன் கொல்லையில் ஓடும் மோட்டார்த் தண்ணீரும் ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றுவார். நாம் அதைத் தொடமாட்டோம். நம் பிள்ளைகளும் தொடக் கூடாது. சம்பந்தி வந்தால் அது, ஊரிலிருந்து மாமா வந்தால் அது. நம் வீட்டில் தீர்ந்துவிட்டால் பக்கத்து வீட்டில் ஒரு செம்பு கடன். தென்காசியும் திருப்பூரும் நம் வட்டத்தில் எதிலாவது ஒத்துப்போனது உண்டென்றால், இந்தக் குடத்தில்தான்.

சோதனை முடிவு வந்தது. நீர் நன்று, நிறம் நன்று, சுவை நன்று, கடினத்தன்மை என்பது அறவே இல்லை. ஆகவே பருப்பு வேகும். ஆகவே இசக்கிமுத்து பொய்யர்.

அன்று அவர் வீட்டில் நடந்த பேச்சு சுவர் தாண்டிக் கேட்டது. குவார்ட்டர்ஸ் சுவர், உங்களுக்குத் தெரியும்.

“ஏட்டி, அவரு குடிக்கவா தண்ணி கேட்டாரு? சோதிக்கத்தான கேட்டாரு.”

“சோதிக்க வந்தா மட்டும் மனுசன் இல்லியா? வாசல் தேடி வந்தவருக்கு அந்தக் குழாத்தண்ணியவா குடுக்கச் சொல்லுதிய? நம்மளப் பத்தி என்ன நெனப்பாரு?”

“இப்ப என்ன நெனக்காரு தெரியுமா? என்னையப் பொய்க்காரன்னு நெனக்காரு.”

அதன் பிறகு பொன்னம்மாள் அழுததாகச் சொன்னார்கள்.

மறுநாள் பால் ஊற்ற வந்த செங்கமலத்துக்குச் செய்தி போயிற்று. அவருக்கு ஒரே ஆச்சரியம். “எங்க கொல்லத் தண்ணிக்கா சர்ட்டிபிகேட்டு குடுத்துக்கினு போனாரு? நாங்க கேக்கவே இல்லீங்களே” என்றார்.

எனக்கு சோடா வைத்திருக்கிறார்கள். நன்றி. சங்கமும் குழாயை நம்பவில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

நண்பர்களே, இசக்கிமுத்து மறுபடி மன்றாடியதில் இன்னொரு சோதனைக்கு இசைந்திருக்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை, குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் வைத்திலிங்கம் வருகிறார். இம்முறை எந்த வீட்டிலும் நுழையலாம், எந்த வீட்டிலும் பாட்டிலை நீட்டலாம். தண்ணீர் மோசம் என்று முடிவு வந்தால் இசக்கிமுத்து ஆப்பரேட்டர், நமக்குப் பக்கத்து வட்டத்துக் கிணற்றிலிருந்து இணைப்பு. நன்று என்று வந்தால், தனக்குப் பின்னால் சேர்ந்தவர்களுக்குக் கீழே அவர் ஹெல்ப்பராகவே இருப்பார். கோப்பில் பொய்யர் என்ற பெயரும் கூடவே இருக்கும்.

தீர்ப்பு யார் கையில்? அதிகாரி கையிலா? ஆய்வுக்கூடத்தின் கையிலா? உங்கள் கையில் இருக்கிறது, தாய்மார்களே. நீங்கள் பாட்டிலை வாங்கும் கையில் இருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். வடிகட்டாதீர்கள். காய்ச்சாதீர்கள். சீரகம் போடாதீர்கள். துளசி போடாதீர்கள். பாட்டிலைக் கழுவாதீர்கள். குழாயைத் திறந்து, வருவதை அப்படியே பிடித்து, தலை குனியாமல் கொடுங்கள். விருந்தினரை வரவேற்பதில் வல்லவர்கள் நாம். வந்தவர் வயிறு குளிர, நம் வயிறு காய்ந்தவர்கள் நாம். அந்தப் பண்பை நான் பழிக்கவில்லை. ஒரே ஒரு காலை, ஒரே ஒரு மனிதருக்கு அதை நிறுத்தி வையுங்கள் என்றுதான் இரந்து கேட்கிறேன். நம் குறையை மறைத்து மறைத்தே நாம் மானம் காத்திருக்கிறோம். அந்த மானத்துக்கு இன்று இன்னொருவர் விலை கொடுக்கிறார். இது நியாயமா? இது நம் வட்டத்துக்குப் பெருமையா? தன் வீட்டுக் குழாயைப் பற்றி உண்மை சொன்ன ஒரு மனிதரை, நம் உபசாரத்தால் பொய்யராக்கலாமா?

தாய்மார்கள் வரிசையில் ஒரு கை உயர்கிறது. பொன்னம்மாள் அவர்கள்தான். சொல்லுங்கள், அம்மா.

“பாட்டில்ல குழாத்தண்ணியே பிடிச்சுக் குடுத்திருதேன், அண்ணாச்சி. காப்பி மட்டுமாவது நல்ல தண்ணியில போட்டுக் குடுக்கலாம்லா?”

நியாயமான கேள்வி. கூடாது, அம்மா. பாட்டிலில் போகும் தண்ணீர் ஆய்வுக்கூடம் போய்ப் பதில் வரப் பல நாளாகும். காப்பியும் குழாய்த் தண்ணீரிலேயே போனால் பதில் உடனே முகத்தில் தெரியும். அந்த முகம் சுளிக்கும்போது நீங்கள் மன்னிப்புக் கேட்கக் கூடாது. சர்க்கரையைக் கூட்டிப் போடக் கூடாது. “எங்க வீட்டுல இவுக எழுதினது இதத்தான்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அவர் கடைசிச் சொட்டுவரை குடித்து முடிக்கிறாரா என்று பக்கத்திலேயே நில்லுங்கள்.

தலையசைக்கிறார். மிகச் சிரமப்பட்டு அசைக்கிறார். ஆனால் அசைக்கிறார்.

பேச வாய்ப்பளித்த தலைவருக்கும், பொறுத்திருந்து கேட்ட பெரியோர்க்கும், திங்கட்கிழமை காலை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு உபசாரம் செய்யாமல் இருக்கப்போகும் ஒவ்வொரு தாய்க்கும் முன்கூட்டியே என் நன்றியைச் சொல்லி அமர்கிறேன். வணக்கம்.