நானூறு பேரைத் தெரிஞ்ச பொண்ணு

போடியிலிருந்து பூப்பாறைக்குப் போன ஜீப்பில் அன்றைக்கு நாலே பேர்: டிரைவர், இன்டர்வியூவுக்குக் கிளம்பிய ஒரு பொண்ணு, துணைக்கு அவளோட சித்தி, பின் சீட்டில் நான்.

"எனக்கு நானூறு பேரைத் தெரியும் சித்தி. ஒருத்தரைக்கூட நேர்ல பார்த்ததில்ல," என்று செல்லில் இருந்த ஏலக்காய் குரூப்பைக் காட்டினாள் பொண்ணு.

"மூஞ்சி தெரியாதவன் வேலை குடுப்பானாடி? மாமாகிட்டச் சொன்னா ஏலக்காக் கடையில சேத்துவிட மாட்டாரா?"

"சேத்துவிடுவாரு. அவரு சேத்துவிட்ட அண்ணன் பாதியில வேலையை விட்டு நின்னதுக்கு இன்னும் மாமாதான அங்க பேச்சு வாங்குறாரு."

"அப்ப இந்தப் பூப்பாறைக்காரவுக எதைப் பாத்துக் கூப்பிட்டாக?"

"வீட்டுல ஏலக்காயைப் பெருசு சிறுசா பிரிக்கிறதைக் குரூப்புல எழுதிப் போட்டேன். சல்லடை இல்லாம கையாலயே எட்டு மில்லிமீட்டர் காயைப் பிரிச்சுருவேன்னு."

ஏமாத்து வேலையா இருந்துருமோன்னு நினைச்சு நான் முன்னால சாஞ்சேன்.

போடிமெட்டில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, பையிலிருந்து ஒரு கை ஏலக்காயை அள்ளி நீட்டினார். "பிரி பாப்போம்."

விரல் ஓடிய வேகத்தில் அவள் மடியில் பெருசும் சிறுசுமா ரெண்டு குவியல். எட்டிப் பார்த்தேன், ஒரு காய்கூட மாறலை.

சித்தி குவியலைக் கிளறிப் பார்த்துவிட்டு, "வெரசாப் போங்கண்ணே, பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்காக," என்றாள்.

பூப்பாறையில் ரெண்டு பேரும் காசு கொடுக்க மறந்து இறங்கி ஓடினார்கள். டிரைவர் தலையை நீட்டி, "ஆத்தா, என்னையும் சேத்துக்க, நானூத்தி ஒண்ணு. மொதச் சம்பளத்துல குடு," என்றார்.

பாக்கி இருநூறு ரூபாய்.