பார்ட்ஸ் வரணும்னு சொல்லுங்க

தொறக்காதீங்க ஸ்ரேயாம்ஸ் அண்ணா. அந்த ஸ்க்ரூ டிரைவர அப்டியே கீழ வெச்சிடுங்க. ஃபோன்ல ரிப்பேரு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்குது.

ஆமா, காலைல எங்க நைனா கொண்டாந்து குடுக்கும்போது ஆன் ஆவலன்னுதான் சொல்லியிருப்பாரு. நான்தான் சுவிச் ஆஃப் பண்ணிட்டு, வேல செய்யல நைனான்னு அவரு கையில குடுத்தேன். அவரு சைடு பட்டன ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு. அமுக்கிப் புடிக்கணும்னு அவருக்குத் தெரியாது. மூஞ்சி அப்டியே சுண்டிப் போச்சி.

கோவிச்சிக்காதீங்க. நீங்க ஜைனருங்க, பொழுது சாயறதுக்குள்ள வீட்டுக்குப் போயி சாப்புடணும், தெரியும். உங்க சித்தப்பா பொண்ணு ஜினப்பிரியா என் கிளாஸ்தான், இருட்டிட்டா ஒரு பிஸ்கட்டு கூட தொட மாட்டா. அதனால சுருக்கா சொல்லிடறேன். நைனா நெல்லு ஏலம் போடற கமிட்டில மூட்ட ஏத்திட்டு நேரா இங்கதான் வருவாரு. வந்தா, ஒரு பார்ட்ஸ் போயிடுச்சி, மெட்ராஸ்லேர்ந்து வரணும், பொண்ணுக்குப் பரீட்ச முடியறதுக்குள்ள வராதுன்னு சொல்லிடுங்க. ஃபோனு உங்க ட்ராயர்லயே கெடக்கட்டும். அவ்ளோதான்.

அய்யோ, அதெல்லாம் இல்லண்ணா. எவனும் மெசேஜ் போட்டு மெரட்டல. லவ்வும் இல்ல, நீங்க வேற. திருட்டு ஃபோனா? நல்லா கேட்டீங்க. நீங்கதான வித்தீங்க, கண்ணாடி கூட ஒட்டிக் குடுத்தீங்க. நைனா அன்னிக்கு உங்களுக்கு லட்டு குடுத்தாரே, மறந்துட்டீங்களா? மணிமொழி காலேஜ் சேந்துட்டா, எங்க வம்சத்துலயே மொத ஆளு, படிக்கறதுக்கு நல்ல ஃபோனா பாத்துக் குடுங்கன்னு நின்னாரே. அந்த ஃபோன்தான் இது. அதுல ரீல்ஸ் பாத்துப் பாத்தே என் படிப்பு போவுது.

அந்த ரீல்ஸ் ஆப்ப எடுத்துடறதா? எடுத்தேனே. எத்தினி தரம் எடுத்திருப்பேன்னு நெனைக்கறீங்க? காலைல எடுப்பேன், பஸ்ல ஏறி உக்காந்ததும் கை தானா போயி மறுபடி எறக்கிடும். ஒரு தரம் அம்மாகிட்ட குடுத்துப் பொட்டில வெச்சிப் பூட்டச் சொன்னேன். அன்னிக்கின்னு பாத்து அசைன்மென்ட்டு, பரீட்ச தேதி, எல்லாத்தியும் கிளாஸ் குரூப்புல போட்டுட்டு, பாக்கலன்னா நான் பொறுப்பில்லன்னு சாரு சொல்லிட்டாரு. அம்மாவே பயந்துபோயி பூட்டத் தொறந்து குடுத்துடுச்சி.

குரூப்பப் பாக்கத்தான் தொறப்பேண்ணா, சத்தியமா. உள்ள எவளாவது ஒரு ரீல்ஸ் லிங்கு போட்டிருப்பா. அதத் தொட்டா அடுத்தது. அப்பால அடுத்தது. தல நிமுந்து பாத்தா சோறு ஆறிப் போயிருக்கும். இன்னா பாத்தேன்னு கேட்டா அதுவும் சொல்லத் தெரியாது.

கிளாஸ்லயா? கிளாஸ்ல எல்லாருமே அப்டித்தான். சாரு போர்டுல எழுதறத யாரும் எழுதறதில்ல. போட்டோ எடுத்துட்டீங்களாம்மா, அழிச்சிடட்டுமான்னு அவரே கேப்பாரு. காலேஜ் சேந்ததுலேர்ந்து நடத்தின பாடம் பூரா எங்கிட்ட போட்டோவா இருக்குது. ஒண்ணக்கூடத் தொறந்து பாத்ததில்ல. மகாலட்சுமின்னு ஒருத்தி, கோட்டப் படிக்கட்டுல நின்னு ஆடி வீடியோ போடுவா, வாட்ச்மேனு விசிலு ஊதிக்கினே பின்னால ஓடியாருவாரு. அந்த விசிலயும் சேத்தே போட்டுடுவா. அவ கூட எப்டியோ பாஸாயிடறா. எனக்குத்தான் அரியரு நிக்குது.

நைனாகிட்டயே சொல்லிடறதா? எப்டிண்ணா சொல்றது? எங்க வீட்ல நான் ஃபோனக் கையில எடுத்தா படிக்கறேன்னு அர்த்தம். நைனாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கினதில்ல. நோட்ஸெல்லாம் ஃபோன்லதான் வருதுன்னு சேந்த புதுசுல நான் சொன்னேன். பொய்யி இல்ல, அதுலதான் வந்திச்சி. அன்னிலேர்ந்து, நான் ஃபோன எடுத்தா அம்மா டிவி சத்தத்தக் கொறைக்கும். பாத்திரம் வெளக்கக் கூப்புடாது. நைனா வெளிய போறதுன்னா செருப்பக் கையில எடுத்துக்கினு போயி தெருவுலதான் மாட்டுவாரு. பக்கத்து வூட்டு ராஜம்மாக்கா பேச வந்தா, மெதுவா பேசு, பொண்ணு படிக்குதுன்னு வாசல்லயே நிறுத்திடுவாங்க. நான் உள்ள உக்காந்து, எவனோ மாட்டுக்கு ஷாம்பு போட்டுக் குளுப்பாட்டறதப் பாத்துக்கினு இருப்பேன்.

கீழ வெக்கவும் முடியாதுண்ணா. வெச்சா, அதுக்குள்ள முடிச்சிட்டியாம்மா, கண்ணு வலிக்குதா, டீ போடட்டுமான்னு ரெண்டு பேரும் ஓடியாருவாங்க. அதுக்குப் பயந்தே மறுபடி எடுத்துக்குவேன்.

சிரிங்க. நானும் மொதல்ல சிரிச்சிக்கினுதான் இருந்தேன்.

இல்ல இல்ல, செத்துப் போச்சின்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னீங்கன்னா எங்கனா காசு பெரட்டி வேற ஒண்ணு வாங்கியாந்துடுவாரு. பார்ட்ஸ் வரணும்னா காத்துக்கினு இருப்பாரு. மெட்ராஸ்லேர்ந்து வரதுன்னா லேட்டாத்தான் ஆவும்னு அவரே ஊருக்கெல்லாம் சொல்லுவாரு. குரூப்புல வர்றத நான் ஜினப்பிரியாகிட்ட கேட்டு எழுதிக்கறேன். கையால எழுதிக்கறேன்.

தெரியும்ண்ணா, நீங்க பொய்யி சொல்ல மாட்டீங்க. உங்க வூட்ல அதுக்கு விரதமே இருக்குதாமே, ஜினப்பிரியா சொல்லியிருக்கா. அதனாலதான் நீங்க சொன்னா நைனா மறுபேச்சு பேச மாட்டாரு. வேற கடைக்காரன் சொன்னா, இன்னொருத்தங்கிட்ட காட்டிப் பாக்கலாம்னுவாரு. உங்க விரதத்துல கை வெக்கறேன்னு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. உங்கள வுட்டா யாருகிட்ட போவேன், சொல்லுங்க.

இன்னிக்கே இன்னா அவசரமா?

போன வாரம் நைனாவுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சி. வேலைக்குப் போவாம படுத்துக்கினு இருந்தாரு. என் வரலாறு புக்கு பக்கத்துல கெடந்திச்சி. தமிழ் புக்குதான். அட்டையத் தடவிப் பாத்துட்டு, ஒரு பக்கம் சத்தமா படிம்மா, கேக்கறேன்னாரு. அது வரைக்கும் அவரு எங்கிட்ட எதுவும் கேட்டதில்லண்ணா. படிச்சேன். தடங்கலே இல்லாமத்தான் படிச்சேன். முடிச்சதும், இன்னாம்மா சொல்லுதுன்னாரு.

ஒண்ணுமில்லண்ணா உள்ள. ஒரு வரி கூட இல்ல. கழுவித் தொடச்சி வெச்ச தட்டாட்டம் இருந்திச்சி. வாயிதான் படிச்சிருக்குது, நான் படிக்கல. அவரு மூஞ்சியப் பாத்துக்கினே இருக்காரு. சட்டுனு ரீல்ஸ்ல எவனோ கத்தினது வாயில வந்திச்சி, நம்ம ராஜகிரி கோட்டையிலேர்ந்து திருவண்ணாமலைக்கு சுரங்கம் போவுதுன்னு. அதச் சொல்லிட்டேன்.

அவரு அந்தப் பக்கத்த மறுபடி தடவிப் பாத்தாரு. அப்பால, ஏரி வெட்டினதப் பத்தி இன்னாமோ வந்தாப்ல இருந்திச்சேம்மான்னாரு. இல்ல நைனா, சுரங்கம்தான்னேன். அப்டியா, படிச்சவங்க எழுதறது எனக்கு எங்க வெளங்கப் போவுதுன்னு சொல்லிட்டு, திரும்பிப் படுத்துக்கினாரு.

அந்தச் சுரங்கத்த இப்ப கமிட்டி பூரா சொல்லிக்கினு இருக்காரு. தராசுல நிக்கற சிவசங்கர் சாருகிட்ட கூட சொல்லிட்டாராம், எம் பொண்ணு புக்கப் படிச்சி சொல்லிச்சின்னு. இன்னிக்கு வேல முடிஞ்சி வந்து அடுத்த பக்கம் கேக்கறேன்னு சொல்லியிருக்காரு. ஃபோனு வீட்டுக்கு வந்துட்டா மறுபடியும் வாயிதான்ணா படிக்கும்.

அதோ, பஜார் மொனையில வராரு பாருங்க. இன்னமும் இடுப்பப் புடிச்சிக்கினுதான் நடக்கறாரு. என்னப் பாத்துட்டாரு, கைய ஆட்டறாரு.

காலைல ஃபோன உங்ககிட்ட அனுப்பிட்டு அந்தப் பக்கத்த மறுபடி எடுத்தேன். வெரல வெச்சி வெச்சி, வரி வரியா. மத்தியானம் வரைக்கும் ஆச்சி. ஏரி வெட்டினதப் பத்திதான்ணா. சுரங்கமே இல்ல. அவரு காதுல வுழுந்ததுதான் சரி.

நைனா, இங்க இருக்கறேன், பாத்து வா. அண்ணன் உங்கிட்ட இன்னாமோ சொல்லணுமாம்.