அரைப் புள்ளி

எங்கள் கழகத்தில் சதுரங்கப் பலகைகள் பன்னிரண்டு இருக்கின்றன, ஐயா. அவற்றில் காய்கள் முழுதாக உள்ளவை ஐந்துதான். மற்றவற்றில் குதிரை தொலைந்த இடத்தில் புளியங்கொட்டையையும் காலாள் தொலைந்த இடத்தில் சோகிச் சிப்பியையும் வைத்து ஆடுகிறார்கள். செயலாளர் என்ற முறையில் இதைப் பற்றி நான் கத்தாத கூட்டம் இல்லை. காதில் போட்டுக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

நீங்கள் கேட்டது கொடியைப் பற்றி. அது எனக்கு மறந்துவிடவில்லை. ஆனால் கொடியிலிருந்து தொடங்கினால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. போட்டி முடிவுகளிலிருந்து தொடங்குகிறேன். எழுதிக்கொள்பவரையும் ஆறுதலாக எழுதச் சொல்லுங்கள்; எனக்கு அவசரம் இல்லை.

ஒவ்வொரு தை மாதமும் திருகோணமலைக்காரர்கள் ரெயிலேறி எங்களிடம் ஆட வருவார்கள். ஐந்து பலகை, ஐந்து ஆட்டம். வென்றால் ஒரு புள்ளி, சமநிலை என்றால் ஆளுக்கு அரைப் புள்ளி. வெற்றி பெற்ற கழகத்துக்கு ஒரு வெள்ளிக் கேடயம் உண்டு. மொத்தப் புள்ளி இரு பக்கமும் சமமாக வந்தால், கேடயம் முன்பு யாரிடம் இருந்ததோ அவரிடமே தங்கும். இந்த விதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கேடயம் திருகோணமலையில்தான் இருந்தது.

போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் முடிவு ஒன்றுதான்: இரண்டரைக்கு இரண்டரை. இரண்டு வருடமும் கேடயம் எங்கள் மண்டபத்து மேசையில் ஒரு பகல் இருந்துவிட்டுத் துணியில் சுற்றித் திரும்பிப் போனது. அதை ரெயிலடிவரை தூக்கிக்கொண்டு போய் வழியனுப்பியது யார் என்று நினைக்கிறீர்கள்? எங்கள் முதற்பலகை ஆட்டக்காரர், நல்லரத்தினம் போடியார்.

ஐயா இந்தப் பக்கத்தவர் இல்லை என்பதால் சொல்கிறேன். வயல்வாய்க்கால் நிறைய உள்ளவரை நாங்கள் போடியார் என்போம். நல்லரத்தினம் போடியார் வாவிக்கு மேற்கே, பழுகாமத்தில் இருந்தார். அவரைப் போல ஆடக்கூடியவர் இந்த மாகாணத்தில் இல்லை. அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. திருகோணமலையின் முதற்பலகை சாலிஹ் மாஸ்டரும் லேசுப்பட்ட ஆள் இல்லை. அவரையே போடியார் மத்தியானத்துக்குள் ஒரு மூலைக்குத் தள்ளிவிடுவார். ஒரு கோட்டை கூடுதலாக இருக்கும், எதிர்ராசா ஓட இடமில்லாமல் நிற்கும், சுற்றி நிற்பவர்கள் மூச்சு விடமாட்டார்கள். அந்த நேரம் பார்த்துப் போடியார் நிமிர்ந்து சிரித்துக் கையை நீட்டுவார்.

"மாஸ்டர், சமன் எண்டு வெப்பமா? தயிர் புளிக்கப் போகுது."

வரும்போதெல்லாம் எருமைத் தயிர் சட்டி சட்டியாகக் கொண்டுவருவார். அதைப் பற்றித்தான் அந்தப் பேச்சு. எனக்கு வயிறு பற்றி எரியும். முதல் வருடம் அவரைக் கூப்பிட்டு, வெல்லுகிற ஆட்டத்தை ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"ராவெல்லாம் ரெயில்ல கண் முழிச்சு நம்மட வாசலுக்கு வந்த மனிசனத் தோக்கடிச்சா அனுப்புற, தம்பி? நம்மட ஊருல அப்படி ஒரு பழக்கம் இல்லயே."

"அவங்க விருந்துக்கு வரல்ல, போடியார். கேடயத்துக்கு வந்தவங்க."

"அதுதான் குடுத்து அனுப்பியாச்சே" என்று சொல்லி என் முதுகில் தட்டினார். மற்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவர் என்ன செய்தாலும் இந்த ஊரில் சிரிப்பார்கள்.

இரண்டாம் பலகையில் நான் ஆடிய ஆட்டத்தை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டு வருடமும் நான் தோற்றேன், அதனால்தான் கேடயம் போனது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நான் உட்கார்ந்த இடத்தில் வாவிக்காற்று முகத்தில் அடித்தது. மேலும் செயலாளருக்கு ஆயிரம் வேலை. தேத்தண்ணீர் வந்ததா, வந்தவர்களுக்குப் பாய் இருக்கிறதா என்றும் நானே பார்க்க வேண்டும். என் தோல்வி ஒரு தோல்வி. அவருடையது கையில் கிடைத்ததைத் தூக்கி எறிவது. இரண்டும் ஒன்றல்ல.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். செயலாளர் அனுமதியில்லாமல் யாரும் சமநிலை கேட்கக்கூடாது என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். ஏகமனதாக நிறைவேறியது. அடுத்த தையில் போடியார் மறுபடியும் கையை நீட்டினார். கேட்டபோது, "தம்பிட முகத்தப் பாத்தன், ஓம் எண்ட மாதிரி இரிந்திச்சு" என்றார். அப்போது என் முகத்தில் இருந்தது என்னவென்று எனக்கல்லவா தெரியும். முதற்பலகையை வேறொருவருக்கு விட்டுக்கொடுங்கள் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். தாராளமாக எடுத்துக்கொள் என்றார் அவர். உறுப்பினர்கள் விடவில்லை. போடியார் இல்லாத முதற்பலகையா என்று என்னைத்தான் அதட்டினார்கள்.

ஆகவே இன்னொரு விதி கொண்டுவந்தேன். மார்கழியில் ஆட்டக்காரரைத் தெரிவு செய்ய நடக்கும் கூட்டத்துக்கு நேரத்துக்கு வராதவருக்கு அந்தப் பருவம் பலகை கிடையாது. அதற்கும் முதலில் கையுயர்த்தியவர் போடியார்தான். கழகம் என்றால் ஒழுங்கு வேண்டும் என்று பேசவும் செய்தார்.

இப்போது கொடிக்கு வருகிறேன்.

எங்கள் மண்டபம் முகத்துவாரத்துக்குக் கிட்ட, வாவிக்கரையில் இருக்கிறது. கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துவிடும். மார்கழி மழையில் வாவி நிறைந்து மேற்கே வயல்கள் மூழ்கத் தொடங்கும்போது அந்த மணலை ஆட்கள் வெட்டித் திறப்பார்கள். வாய் வெட்டுவது என்போம். வெட்டிய உடனே வாவித் தண்ணீர் முழுவதும் கடலுக்கு ஓடும். அந்த ஓட்டத்தில் எங்கள் மண்டபத்துத் துறைக்கு எந்தத் தோணியும் வர முடியாது. அதனால் துறையில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். வாய் வெட்டினால் அதில் சிவப்புக் கொடி ஏறும். மேற்கேயிருந்து வரும் தோணிக்காரர்கள் திரும்புமுனையில் வந்து கம்பத்தைப் பார்ப்பார்கள். கொடி இருந்தால் பட்டினத்துத் துறைக்குத் திருப்பிவிடுவார்கள். இல்லாவிட்டால் நேரே வருவார்கள். மண்டபத்தை எங்களுக்கு வாடகையில்லாமல் தந்ததே, கொடியேற்றும் வேலையைக் கழகச் செயலாளர் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான்.

தெரிவுக் கூட்டத்தன்று காலையில் நான் மண்டபத்தைத் திறந்து மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வெட்டு வேலைக்காரரின் தலைவர் தங்கராசா சேறும் தண்ணீருமாக வாசலில் வந்து நின்றார். எழுத்தர் வேலை பார்ப்பதால் என்னை எல்லோரும் கிளாக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கிளாக்கர் ஐயா, வாய் வெட்டியாச்சு. தண்ணி பேய் இழுவ இழுக்குது. கொடிய ஏத்திருங்க."

"ஓம், ஏத்துறன்" என்றேன்.

அவர் போனார். நான் அலுமாரியைத் திறந்து கொடியை எடுத்தேன். எடுத்துக் கதிரையில் வைத்துவிட்டு யோசித்தேன். கொடியை ஏற்றினால் போடியார் பட்டினத்துத் துறையில் இறங்கி வண்டி பிடித்து எப்படியும் நேரத்துக்கு வந்துவிடுவார். முதற்பலகை அவருக்குப் போகும். தையில் மறுபடியும் கையை நீட்டுவார். ஏற்றாவிட்டால் தோணி முனையைத் தாண்டும், இழுவை தெரியும், தோணிக்காரன் பயந்து பழுகாமத்துக்கே திருப்பிவிடுவான். கூட்டத்துக்கு வராதவருக்குப் பலகை இல்லை. யாருக்கும் ஒரு குறையும் இல்லை. இதுதான் நான் போட்ட கணக்கு. முதலில் உங்களிடம் கொடியைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது என்று சொன்னேன். அன்று காற்றும் இருந்தது. ஆனால் கொடி கதிரையில்தான் இருந்தது.

தோணி முனைக்கு வந்தது. கம்பத்தைப் பார்த்தது. பிறகு முனையைத் தாண்டியது. திரும்பவில்லை.

உறுப்பினர்கள் பட்டினத்திலிருந்து வந்தபின் குறித்த நேரத்துக்குக் கூட்டத்தைத் தொடங்கினேன். போடியார் சமுகம் தரவில்லை என்பதைக் கூட்டம் கவனித்துக்கொண்டது. முதற்பலகை எனக்கு வந்தது. தயிர்ச் சட்டி ஒன்று துறையில் மிதப்பதாக யாரோ வந்து சொன்னபோது அடுத்த விடயத்துக்குப் போயிருந்தோம். புதிய காய்கள் வாங்குவது பற்றி.

தோணியில் மற்றவர்களும் இருந்தார்கள். தோணிக்காரன் வினாயகமூர்த்தி. அவனுடைய பெண்சாதி சீதேவிப்பிள்ளை, ஆஸ்பத்திரிக்கு வந்தவள். வயிற்றில் பிள்ளையாம். அவர்களுக்கும் போட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர்கள் வருவது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்கிறீர்கள். அதை நான் யோசித்துப் பார்க்கவில்லை.

தையில் திருகோணமலைக்காரர்கள் வந்தார்கள். எல்லோர் கையிலும் கறுப்புத் துணி. முடிவுகளைச் சொல்கிறேன். மற்ற நான்கு பலகைகளில் எங்களுக்கு இரண்டு வெற்றி, ஒரு சமநிலை, ஒரு தோல்வி. மீதி என் பலகை. நான் தோற்றால் மறுபடியும் இரண்டரைக்கு இரண்டரை, கேடயம் திரும்பவும் ரெயிலேறும். சாலிஹ் மாஸ்டரிடம் ஒரு கோட்டை கூடுதலாக இருந்தது. என் ராசா மூலையில் நின்றது. ஆட்டம் முடிந்துபோனது என்று சுற்றி நின்றவர்கள் நினைத்தார்கள். நான் ஒரு வழி வைத்திருந்தேன். அதைப் பலகை இல்லாமல் விளக்குவது கஷ்டம்.

சாலிஹ் மாஸ்டர் நெடுநேரம் பலகையைப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

"சமன் எண்டு வெப்பம், கிளாக்கர். இது போடியார் எனக்குக் காட்டித் தந்த பழக்கம்."

நான் கையைப் பிடித்துக் குலுக்கினேன். மூன்றுக்கு இரண்டு. கேடயம் எங்களுக்கு. மண்டபம் முழுக்க ஆட்கள் எழுந்து நின்றார்கள், பாதிப்பேர் அழுதார்கள். கைதட்டு எனக்கு என்று நினைத்தேன். இல்லை. ஒவ்வொருவராக எழும்பிப் பேசினார்கள்: கேடயத்தைப் போடியார்தான் கொண்டுவந்து தந்தார், செத்தும் நமக்காக ஆடினார், அவர் பெயரைக் கேடயத்தில் வெட்ட வேண்டும். இரண்டு வருடம் அதைத் தூக்கிக் கொடுத்த மனிதர், ஐயா. அவருக்கா அந்தப் பெயர்? எவ்வளவுதான் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பது? நானும் எழும்பினேன். கொடியை நான் ஏற்றாமல் விட்டதால்தான் இந்தக் கேடயம் வந்தது, நன்றி சொல்வதென்றால் எனக்குச் சொல்லுங்கள் என்றேன். குரலை உயர்த்தவில்லை. அன்று ஏன் யாரும் கைதட்டவில்லை என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுகரையில் வலை போட்ட ஒருவர் பார்த்ததாகச் சொல்கிறீர்கள்; தோணி முனையைத் தாண்டியதும் ஒருதடவை நின்றது, பிறகுதான் வந்தது என்று. அவர் சொல்வது சரி. வினாயகமூர்த்திக்கு இழுவை தெரிந்துவிட்டது. தோணியை மறித்துப் பிடித்துக்கொண்டு திரும்பப் பார்த்தான். போடியார் எழும்பி நின்று மண்டபத்தைப் பார்த்தார். வயல் மூழ்குகிறது, வாயை வெட்டுங்கள் என்று கேட்டவர்களில் அவரும் ஒருவர். அதனால் அவருக்கும் சந்தேகம் இருந்திருக்கும். நான் விறாந்தைக்கு வந்தேன். தோளில் இருந்த சால்வையை எடுத்து, வாங்க வாங்க என்று வீசிக் காட்டினேன். கூப்பிட்டால் வராமல் போகிற ஆள் அவர் இல்லை. அது எனக்குத் தெரியும். அவரும் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தோணிக்காரனிடம் ஏதோ சொன்னார். தோணி வந்தது. அது கவிழும் என்றும் எனக்குத் தெரியும். கவிழ்ந்து எல்லாம் ஓய்கிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்க் காய்களை அடுக்கினேன்.

அவ்வளவுதான். அடுத்த பருவத்துக்கு மூன்றாம் பலகைக்கு ஓர் ஆள் தேவை, புதிய காய்களுக்கும் சொல்லியிருக்கிறேன். சாவி அலுமாரி மேல்தட்டில் இருக்கிறது. ஒரு விடயத்தை மட்டும் பிழையில்லாமல் எழுதச் சொல்லுங்கள், ஐயா. சாலிஹ் மாஸ்டர் இரக்கப்பட்டுக் கையை நீட்டவில்லை. நான் வைத்திருந்த வழியைக் கண்டு பயந்துதான் நீட்டினார். அந்த அரைப் புள்ளி நான் ஆடி எடுத்தது.