சோப்பில் சிவந்த வேட்டி

ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அருப்புக்கோட்டையில் இரண்டு ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். துணியில் எனக்குத் தெரியாதது இல்லை. திருச்சுழியிலிருந்து நான் வந்த பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

“சோப்புப் போட்டதும் வேட்டி ரத்தமாச் செவந்துருச்சு, மதினி. நாளைக்கு மாப்பிள்ளை கட்டணும். புதுசு வாங்கத்தான் போறேன்.”

“என்ன கறை?”

“சாம்பாரு.”

மதினி சிரித்தாள். “நீ ஆரத்தி கரைச்சதே இல்லையா? சுண்ணாம்பு பட்டா மஞ்சளு செவக்கும்ல? சோப்பும் அதே மாதிரி காரந்தான். எலுமிச்சம்பழத்தப் பிழி, புளிப்புக்குத் திரும்ப மஞ்சளாயிரும்.”

“அந்த மஞ்சக்கறை?”

“அலசி வெயில்ல போடு. நம்மூரு வெயிலுக்கு அது நிக்குமா?”

வேட்டிக்காரி எழுந்துவிட்டாள். “கண்டக்டரே, நிப்பாட்டுங்க!”

“அருப்புக்கோட்டைக்குல்ல டிக்கெட்டு எடுத்தீக?”

“வெயிலு இருக்கும்போதே வீட்டுக்குப் போகணும்யா!”