முழங்கை மட்டும் போதாது

கொஞ்சம் தள்ளி உக்காருங்க சார். உங்க முட்டி என் படத்துல வருது. இன்னும் கொஞ்சம். அந்த டவல் மூட்டையையும் இழுத்துக்குங்க. அந்த மஞ்சச் சறுக்கு மட்டும் வரணும், மனுசங்க வேணாம். மனுசங்க என்கிட்ட இருக்காங்க. கவர்ல.

இன்னா அப்படிப் பாக்கறீங்க. ஃபோட்டோதான். கேட்டுல நிக்கிறானே, அவனும் இப்படித்தான் முழிச்சான். தனியா வர்ற ஆம்பளைங்களை உள்ள வுட மாட்டோம், ஃபேமிலி எங்கன்னான். தோ இருக்குதுன்னு கவரைத் தொறந்து காட்டினேன். மகன், மருமக, பேத்தி, என் வூட்டுக்காரி, எல்லாம் ஈரத் துணியோட சிரிச்சிக்கினு இருக்காங்க. கடைசில என் பின்னாடி நின்ன ஆளையும் பாத்துட்டு, ரெண்டு பேரும் சேந்து வந்தா ஃபேமிலிதான் போங்கன்னு வுட்டான்.

அந்த ஆளுதான், தோ, அந்தப் பக்கத்து பெஞ்சுல நமக்கு முதுகு காட்டி உக்காந்திருக்காரே, வெள்ளைத் தொப்பி. மக்பூல் அகமது. என் சம்பந்தி. பேரணாம்பட்டு. ஆம்பூர்ல ஒரே பஸ்ஸு ஏறினோம். அவரு முன்னாடி சீட்டு, நான் பின்னாடி சீட்டு. பேசறதில்ல.

எதுக்குன்னு கேளுங்க. கேக்கலன்னாலும் சொல்றேன்.

என் மருமக ஆஃப்ரீனுக்கு ஒரு கிறுக்கு. வருசா வருசம் லீவுக்கு குடும்பமா இந்தத் தண்ணி பார்க்குக்கு வருவாங்க. வந்த படத்தை எல்லாம் பிரிண்ட் போட்டு, கறுப்பு அட்டை ஆல்பத்துல ஒட்டுவா. பக்கத்துக்கு ஒரு படம். சுத்தி சரிகைப் பேப்பர், ஜிகினா. டிக்கெட்டு, கையில கட்டுற பேப்பர் பட்டை, ஐஸ்க்ரீம் குச்சி எல்லாத்தையும் ஒட்டுவா. ஐஸ்க்ரீம் குச்சியில இன்னா ஞாபகம் இருக்குதோ. எறும்புதான் இருக்குது.

இந்த வருசம் அவளுக்கு நேரமில்ல. மாமா, நீங்க சும்மாதானே இருக்கீங்க, ஓரத்தை வெட்டி அழகா ஒட்டிக் குடுங்களேன்னா. பழைய ஆல்பத்துல இருந்து பிரிச்ச படம், புதுப் படம், மொத்தக் கட்டையும் ஒரு புது ஆல்பத்தோட குடுத்துட்டு ஆபீசுக்குப் போய்ட்டா. யார்கிட்ட குடுக்கறா? ஷூ கம்பெனி கட்டிங் செக்ஷன்ல தலை நரைச்சவன்கிட்ட.

ஒரு தோலை டேபிள் மேல போட்டா முதல்ல இன்னா செய்யணும்? பழுதைத் தேடணும். உண்ணி கடிச்ச இடம், முள்ளு கீறின இடம். சில்வர் பேனாவால வட்டம் போடணும். அதை வுட்டுட்டு மிச்சத்துல ஷூவுக்கு வெட்டற பீஸை அடுக்கணும். நேரா, தலைகீழா, இடுக்குல சொருகி, சந்தே இல்லாம. வேஸ்டேஜ் ஜாஸ்தியானா சூப்பர்வைசர் எல்லாரு முன்னாடியும் நிக்க வெச்சி கேப்பான். என்னை ஒருத்தனும் கேட்டதில்ல.

அதே மாதிரி வெட்டினேன். படத்துல பீஸு எது? மனுசன். மத்ததெல்லாம் இன்னா? வானம், தண்ணி, சறுக்கு, ஊரான் வூட்டுப் புள்ளைங்க. எல்லாம் வேஸ்ட். மகன் ஃபைஸானை நேரா வெச்சேன். அவன் காலு சந்துல ஆஃப்ரீனைத் தலைகீழா சொருகினேன். அவ இடுப்பு வளைவுல பேத்தி சைரா பாப்பா, கணக்கா உக்காந்துக்கிச்சு. அத்தனை வருசமும் ஒரே அட்டையில முடிஞ்சிடுச்சு. மிச்ச அட்டை புதுசா அப்படியே இருக்குது. நீங்களே சொல்லுங்க, நல்ல வேலையா இல்லையா?

வாட்சைப் பாக்கறீங்க. சரி.

சம்பந்தி விசயத்துக்கு வர்றேன். அவருக்குக் கண்ணு கூசும். எந்தப் படத்துலயும் கண்ணை மூடிக்கினுதான் இருப்பாரு. எங்க கணக்குல அது பழுது. வட்டம் போட்டேன், ஒதுக்கினேன். ஆனா ஒரு படத்துல முழங்கை நல்லா வந்திருந்துது. ஓரத்துல ஒரு சின்ன சந்து இருந்துது. அங்க வெச்சேன். கச்சிதமா உக்காந்துது.

சைரா பொறந்தநாளு விருந்துக்கு வந்தவரு ஆல்பத்தைத் தொறந்தாரு. தேடினாரு. என் வூட்டுக்காரி வாயை வெச்சிக்கினு சும்மா இல்லாம, அண்ணே, அந்த ஓரத்துல இருக்குதே முழங்கை, அது நீங்கதான்னு காட்டிட்டா. அவரு கையைக் கழுவினாரு. என் முழங்கை மட்டும் போதும்னா மிச்ச நான் எதுக்கு இந்த வூட்டுக்குன்னாரு. வெளிய போய்ட்டாரு. ஆஃப்ரீன் பாப்பாவைத் தூக்கிக்கினு அவரு பின்னாடியே போய்ட்டா. எங்க அப்பா முழுசா அந்த ஆல்பத்துல வர்ற வரைக்கும் நானும் வரமாட்டேன், பாப்பாவும் வராதுன்னு ஃபோன்ல சொல்றா.

மறுபடி பிரிண்ட் போடலாமேன்னு வாயெடுக்காதீங்க. படம் எல்லாம் இருந்த ஃபோனை ஃபைஸான் இங்கதான், அந்த அலையடிக்கிற குளத்துல, தண்ணி போகாத ஃபோனுன்னு முக்கிக் காட்டினான். போச்சு. வெட்டின மிச்சம்? அன்னிக்கே பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சு. வேஸ்ட்டு அன்னன்னைக்கே வெளிய போயிடணும். பழக்கம்.

வூட்ல சாப்பாட்டுக்கும் பேஜார். வெள்ளிக்கிழமை பிரியாணியில என் வூட்டுக்காரி எனக்கு எலும்பும் ஏலக்காயும் வைக்கிறா. நல்ல பீஸெல்லாம் வெட்டி எடுத்துட்டேன், மிச்சம் இதான்னு சொல்றா. பாப்பா இருந்தா தன் தட்டுல இருந்து ஒண்ணு எடுத்துப் போடும். இப்ப தட்டுக்கு எதிர்ல யாரும் இல்ல.

அதான் வந்தேன். சறுக்கு, குளம், தண்ணி கொட்டுற காளான் குடை எல்லாத்தையும் காலியா படம் புடிச்சி, அட்டையில இருந்து உரிச்செடுத்த இவங்களை அது மேல திருப்பி ஒட்டணும். நின்ன இடத்துலயே நிக்க வைக்கணும். ஆனா சம்பந்தியைப் புதுசாத்தான் எடுக்கணும். போயி கூப்ட்டேன். கதவுக்கு உள்ள இருந்தே ஒரு கண்டிசன் போட்டாரு. பக்கத்துல நானும் நிக்கணுமாம். வெட்ட முடியாத மாதிரி, தோளோட தோளு ஒட்டி.

அதான் சார், உங்களாண்ட ஒரு வேலை. இந்தாங்க ஃபோனு. அந்த வட்டத்தை அமுக்கணும், அவ்ளோதான். உங்க வூட்டுக்காரங்க சறுக்கிட்டு வர நேரமாவும், க்யூ நிக்குது பாருங்க.

மக்பூல் பாய். வாங்க. ஆளு கெடைச்சாச்சு.

இப்படி நில்லுங்க. கைய எங்க வெக்கிறீங்க, என் தோள் மேலயா? வெய்ங்க. முழங்கை நல்லாத் தெரியட்டும். சார், ரெடி.

இருங்க, இருங்க. கண்ணை மூடிட்டாரு. பாய், தொறங்க. வெயிலு ஒண்ணும் பண்ணாது. முடியலியா? கண்ணுல தண்ணி வருதா?

சரி வுடுங்க. சார், எங்க கம்பெனில ஒரு விசயம். இடது ஷூவும் வலது ஷூவும் ஒரே மாதிரி இருக்கணும். ஒண்ணுல கோடு இருந்தா இன்னொண்ணுலயும் கோடு இருக்கட்டும்னு எடுத்து வைப்போம். ஜோடி சேந்துடுச்சுன்னா பழுதுன்னு யாரும் சொல்ல மாட்டான்.

நானும் மூடிக்கிறேன். ம். எடுங்க.

எடுத்தாச்சா?

சார். சத்தமே காணோம். பெஞ்சு மேல ஃபோனை வெச்ச மாதிரி இருந்துதே. மக்பூல் பாய், கண்ணைத் தொறந்து பாருங்க, அந்தாளு இருக்காரா?

நீங்கதான் பாக்கணும். நான் தொறக்க மாட்டேன். ஜோடி கெட்டுப்போவும்.